காட்டுக்குப் போகாம வீட்டச் சுத்தி இருக்குற செடி, பூச்சி, பறவைய மட்டும் பார்த்துட்டு இருந்தா போதுமா?

சும்மாசுத்துறவன்

வணக்கம் மக்களே, ரொம்ப காலமா ஓரமா நின்னு வாசிச்சுட்டுப் போறவன், இன்னிக்குதான் வாயத் தொறக்குறேன். செடி, பூச்சி, பறவைன்னா சின்ன வயசுலேருந்தே எனக்கு ஒரு இது. ஆனா காடு, சரணாலயம், மலையேத்தம் எல்லாம் என் வேலைக்கும் வீட்டு நிலைமைக்கும் சுத்தமா ஒத்து வராது, காலையில ஒரு நடை கிடைக்கும், லீவு நாள்ல சாயங்காலம் கொஞ்சம், அதோட சரி. அந்த நடையில வர்றது ஒரு காலி மனை, ஒரு வாய்க்கால் ஓரம், கரண்ட் கம்பி, நாலு மரம். ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஒருத்தன் புலி போடுறான், இன்னொருத்தன் இருவாச்சி போடுறான், நான் எருக்கஞ்செடி போட்டோ போட்டா ஒரு லைக் கூட விழ மாட்டேங்குது.

கேள்வி இதுதான். இந்த மாதிரி ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்குறதுல உருப்படியா ஏதாவது இருக்கா, இல்ல நானா என்னை சமாதானப்படுத்திக்கிறேனா? முதல்ல பேரெல்லாம் கத்துக்கிட்டு அப்புறம் பார்க்கணுமா, பைனாகுலர் வாங்கணுமா, செல்போன் ஆப் போதுமா?

இன்னொரு சந்தேகம். அந்த எருக்குல கறுப்பு வெள்ளை மஞ்சள் பட்டை போட்ட ஒரு புழு, உடம்பு மேல மூணு ஜோடி கறுப்பு கொம்பு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அது இலையோட நடு நரம்ப ஒரு இடத்துல கடிச்சு வெச்சுட்டு அந்த இடத்துல திங்காம, நுனிப் பக்கமா நகர்ந்து போய் அங்க உக்காந்து தின்னுச்சு. எதுக்கு இந்த வேலை? யாருக்காவது தெரியுமா?

எருக்கம்பால்

முதல் கேள்விக்கு பதில் உங்க கடைசிக் கேள்வியிலயே இருக்கு ப்ரோ. புலி போட்ட உங்க ஃப்ரெண்டு ஜீப்புல உக்காந்து அரை நிமிஷம் அது ரோட்ட கடக்குறத பார்த்திருப்பாரு, நீங்க ஒரு உயிர் தன் பிழைப்புக்கு என்ன தந்திரம் பண்ணுதுன்னு முழுசா நின்னு பார்த்திருக்கீங்க. குரூப்ல லைக் வராது, அது வேற விஷயம்.

அந்தப் புழு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோடது. எருக்கு இலைய எங்க கிள்ளினாலும் பால் கொட்டும்ல, அந்தப் பால் செடிக்கு காவல். காத்து பட்டதும் பிசின் ஆயிடும், சின்னப் புழுவோட வாயெல்லாம் ஒட்டிக்கிட்டு அதுலயே செத்துப் போறதும் உண்டு. அதனால கொஞ்சம் பெருசான புழு என்ன பண்ணும்னா முதல்ல நடு நரம்ப கடிச்சு பாலை அங்கயே வடிய விட்டுரும், அதுக்கு அந்தப் பக்கம் இருக்குற இலைப் பகுதிக்கு பால் போற அழுத்தம் குறைஞ்சிரும், அப்புறம் நிம்மதியா நுனியில உக்காந்து திங்கும். பிளம்பர் மெயின் வால்வ அடைச்சுட்டு குழாயக் கழட்டுற மாதிரிதான். அடுத்த தடவ போகும்போது கடிச்ச இடத்த பாருங்க, பால் காஞ்சு வெள்ளையா ஒரு தழும்பு நிக்கும், இலையோட மேல் பாதி லேசா தொங்கிப் போயிருக்கும். புழுவே இல்லாட்டியும் இந்த அடையாளத்த வெச்சு இங்க ஆள் இருந்துச்சுன்னு சொல்லிறலாம்.

இதுல இன்னொரு விசேஷம், அந்தப் பாலுல இதயத்துடிப்பையே பாதிக்கிற விஷம் இருக்கு. புழு அந்த விஷத்துக்கு தாக்குப் பிடிச்சு அதை உடம்புலயே சேர்த்து வெச்சுக்கும், பட்டாம்பூச்சி ஆன பிறகும் அது கூடவே இருக்கும். அதை ஒரு தடவ தின்ன பறவை வாந்தி எடுத்துட்டு அப்புறம் ஆரஞ்சு கலர்ல கறுப்பு ஓரம் வெச்ச எதையும் தொடாது. அதனாலதான் வெந்தய வரியன் பறக்குறத பார்த்தீங்கன்னா எந்த அவசரமும் இருக்காது, தாழ்வா மெதுவா மிதந்துக்கிட்டு போகும், "என்னை எவன் தொடுவான்"ங்குற தோரணை. விஷமே இல்லாத வேற ஒரு பட்டாம்பூச்சியோட பொண்ணு இதே டிசைன காப்பி அடிச்சுக்கிட்டு திரியும், அதுல ஆண் மட்டும் கறுப்பு இறக்கையில வெள்ளை வட்டம் வெச்சு சம்பந்தமே இல்லாம இருக்கும், ரெண்டும் ஒரே இனம்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க.

என் யோசனை, அந்த எருக்க விட்டு நகராதீங்க. ஒரு செடிய பிடிச்சுக்கிட்டு அதுக்கு யார் யார் வர்றாங்கன்னு பாருங்க. குருத்துல மஞ்சளா பொடிப் பொடியா அசுவினி மொய்ச்சிருக்கும், எல்லாமே பொண்ணுங்க, ஆண் துணையே இல்லாம குட்டி போட்டுக்கிட்டே போகும். அதைத் திங்க பொறிவண்டு வரும். நீலமும் மஞ்சளும் வரி வரியா பெயின்ட் அடிச்ச ஒரு வெட்டுக்கிளி வரும், அதோட குஞ்ச கையில பிடிச்சு அமுக்கினா உடம்புலேருந்து ஒரு திரவத்த பீச்சி அடிக்கும், அமுக்காதீங்க. பூவுக்கு பெரிய கருவண்டு வரும், நாம வண்டுன்னு சொன்னாலும் அது தேனீ வகை. எருக்கம்பூவுல மத்த பூ மாதிரி மகரந்தம் தூளா இருக்காது, பொட்டலமா கட்டி கிளிப்பு போட்டு வெச்சிருக்கும், பூவுல இருக்குற சந்துல கருவண்டோட கால் வழுக்கி விழுந்தா கிளிப்பு மாட்டிக்கும், இழுத்துட்டு அடுத்த பூவுக்கு போகணும். காலுல மஞ்சளா குட்டியா தொங்குதான்னு பாருங்க, வெயில்ல நல்லா தெரியும்.

பேரெல்லாம் அப்புறம் தானா வரும். பாலு மட்டும் கண்ணுல படாம பார்த்துக்கோங்க, கண்ணுக்குள்ள போனா பார்வையே மங்கிப் போற அளவுக்கு பாதிக்கும், கைய கழுவாம கண்ண தேய்க்காதீங்க.

ஒற்றைக்கம்பி

செடிக்காரர் நல்லா சொல்லிட்டாரு, நான் கரண்ட் கம்பி பத்தி சொல்றேன். கம்பியில கறுப்பா, வால் நுனி ரெண்டா பிரிஞ்சு ஒருத்தன் உக்காந்திருப்பான், கரிச்சான், இரட்டைவால் குருவின்னும் சொல்வாங்க. அவன மட்டும் ஒரு சீசன் பாருங்க, வேற எதுவும் வேணாம். உருவத்துல மைனாவ விட ஒல்லி, ஆனா கூடு கட்டுற சமயத்துல காக்கா, பருந்து யாரா இருந்தாலும் முதுகுல ஏறி கொத்தி விரட்டுவான். இந்த ரவுடித்தனத்த தெரிஞ்சுக்கிட்டு புறா, மாங்குயில், கொண்டைக்குருவி எல்லாம் அதே மரத்துல வந்து கூடு வெச்சுக்கும், செலவில்லாம செக்யூரிட்டி. அவனும் லேசுப்பட்டவன் இல்ல, வல்லூறு குரல்ல கத்தி மைனாவ பயமுறுத்தி விரட்டிட்டு அதோட இரைய அபேஸ் பண்ணிருவான். இதையெல்லாம் பார்க்க காட்டுக்கு டிக்கெட் எடுக்கணுமா சொல்லுங்க.

பைனாகுலர் இப்போதைக்கு வேணாம் ப்ரோ, முதல்ல காதை தீட்டுங்க. எந்தச் சத்தம் யாரோடதுன்னு தெரிஞ்சிட்டா கண்ணுக்கு பாதி வேலை மிச்சம். குயில் கூவுதேன்னு பழுப்புல வெள்ளைப் புள்ளி வெச்ச பறவைய தேடாதீங்க, அது பொண்ணு, அந்த நீட்டிக் கூவுறது கறுப்பா செவப்புக் கண்ணோட இருக்குற ஆண். பொண்ணு வெடுக் வெடுக்குன்னு வேற மாதிரி கத்தும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சாதாரணமா சளசளன்னு சண்டை போட்டுக்கிட்டேதான் இருக்கும், ஆனா எல்லாம் ஒரே புதரப் பார்த்து, அணிலும் சேர்ந்து விடாம கத்துச்சுன்னா உள்ள பாம்போ பூனையோ இருக்குன்னு அர்த்தம். அந்த வித்தியாசம் ஒரு தடவ காதுல ஏறிடுச்சுன்னா அப்புறம் வீட்டுக்குள்ள இருந்தே வெளியில என்ன நடக்குதுன்னு சொல்லிறலாம்.

18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல கில்பர்ட் வைட்னு ஒரு கிராமத்து பாதிரியார் இருந்தாரு. ஒரே ஊரையே ஆயுசு பூரா பார்த்துக்கிட்டு இருந்த மனுஷன். அதுவரைக்கும் எல்லாரும் ஒண்ணுன்னு நினைச்ச ஒரு சின்ன இலைக்குருவி உண்மையில மூணு வேற வேற இனம்னு பாட்ட வெச்சே பிரிச்சாரு. அப்ப அந்த ஆளுகிட்ட இன்னிக்கு மாதிரி பைனாகுலரும் இல்ல ஒண்ணும் இல்ல.

பின்னாடி வாங்குறதா இருந்தா 8x42 வாங்குங்க. எட்டுங்குறது எத்தன மடங்கு பெருசா காட்டுதுங்குறது, 42 முன்னாடி லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல. 10 மடங்கு நல்லா தெரியுமேன்னு போவீங்க, கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன், பறவைய வெளிய வர வைக்க செல்போன்ல அதோட குரல போட்டு விடாதீங்க, எதிரி வந்துட்டான்னு நினைச்சு அது பாட்டுக்கு முட்டையையும் குஞ்சையும் விட்டுட்டு சண்டைக்கு அலையும். கூடு இருக்குற இடத்த போட்டோவோட எங்கயும் போடாதீங்க, இங்கயும்தான்.

நாயுருவி

"பேரெல்லாம் அப்புறம் தானா வரும்"னு மேல ஒருத்தர் சொல்லியிருக்காரு, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. மன்னிக்கணும், சும்மா வராது சார், தேடினாத்தான் வரும். பேர் தெரியாத வரைக்கும் எல்லாமே "ஏதோ களைச்செடி"தான். பேர் தெரிஞ்ச நிமிஷம்தான் அது தனியா கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், யார் யார் அதைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு தேட முடியும். வெந்தய வரியன்ங்குற பேர் தெரிஞ்சதாலதானே நீங்களே இவ்ளோ சொன்னீங்க?

கேள்வி கேட்ட தம்பிக்கு, ஐநேச்சுரலிஸ்ட்னு ஒரு ஆப் இருக்கு, அதைப் போடுங்க. 2008லேருந்து இருக்கு, பணம் கிடையாது. நீங்க போடுற போட்டோவ ஆப் ஒரு யூகம் சொல்லும், அது வெறும் யூகம்தான், அப்புறம் உலகம் பூரா இருக்குற ஆளுங்க வந்து சரியா தப்பான்னு சொல்வாங்க. செடின்னா பூவ மட்டும் க்ளோசப்ல எடுத்துப் போட்டு பேர் கேக்காதீங்க, இலை தண்டுல எப்படி ஒட்டியிருக்கு, எதிரெதிரா மாத்தி மாத்தியான்னு ஒண்ணு, இலைக்கு அடிப்பக்கம் ஒண்ணு, காய் இருந்தா அது ஒண்ணு, முழுச் செடி ஒண்ணு. பாதி சண்டை இந்த அடிப்பக்க போட்டோ இல்லாததாலதான் வருது. கீழாநெல்லிய எடுத்துக்கோங்க, மேலேருந்து பார்த்தா சாதாரண குட்டிச் செடி, திருப்பினாத்தான் இலைக்காம்பு வரிசையோட அடியில காய் மணி மணியா தொங்குறது தெரியும். ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, இலையெல்லாம் மடக்கிக்கிட்டு தூங்கும்.

ஆப் சொல்லுச்சுன்னு எதையும் வாயில வெச்சுப் பார்க்காதீங்க, இது சத்தமா சொல்றேன். செங்காந்தள் வேலியில அழகா ஏறி இருக்கும், இலை நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சிய பிடிச்சுக்கும், பூ மஞ்சள் பச்சையா விரிஞ்சு நாளாக நாளாக செவப்பாகும், பார்த்துக்கிட்டே இருக்கலாம். அதோட கிழங்கு ஆளையே கொல்லும்.

அப்புறம் "இந்த காலி மனையில என்ன இருக்கப் போகுது"ன்னு யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க. இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்துல ஜெனிபர் ஓவன்னு ஒரு விலங்கியலாளர், புறநகர்ல சாதாரண வீட்டுத் தோட்டம், 1972லேருந்து 2001 வரைக்கும் முப்பது வருஷம் அதுல என்னென்ன இருக்குன்னு கணக்கெடுத்தாங்க. 2,673 இனம். அதுல செடி கொடி 474, பூச்சி மட்டும் 1,997. ஒரு தோட்டம் சார், ஒரே ஒரு தோட்டம்! இதுல அவங்க சரியா கணக்கெடுக்காம விட்ட பூச்சிக் குடும்பங்கள் வேற இருக்கு.

எருக்கம்பால்

@நாயுருவி சார், பேர் வேணாம்னு நான் சொல்லல, பேர் தெரிஞ்சதும் பார்க்குறத நிறுத்திருறாங்க, அதுதான் என் வயித்தெரிச்சல். கூட வர்றவங்க "ஓ இது மைனாவா"ன்னு டிக் அடிச்சுட்டு அடுத்ததுக்கு போயிருறாங்க, மைனா என்ன பண்ணுதுன்னு ஒருத்தர் பார்க்க மாட்டேங்குறாங்க. அந்த அம்மா முப்பது வருஷம் பார்த்தது லிஸ்ட்டுக்காக மட்டும்னு நினைக்குறீங்களா?

நாயுருவி

லிஸ்ட் இல்லாம 2,673ன்னு எப்படி சார் தெரியும் 🙂

கேட்டவன்சொன்னேன்

இதெல்லாம் சரி, புதர் இருந்தா பாம்பு வரும், கொசு வரும். மனை ஓனர்கிட்ட சொல்லி சுத்தம் பண்ணச் சொல்லுங்க முதல்ல. இயற்கை ரசனை அப்புறம்.

ஒற்றைக்கம்பி

கொசு தேங்குன தண்ணியில வர்றது, எருக்குல இருந்து வர்றது இல்ல. பாம்பு இருக்கலாம், இல்லன்னு சொல்ல மாட்டேன். மூடின ஷூ போடுங்க, புதருக்குள்ள, செங்கல் குவியலுக்குள்ள கைய விடாதீங்க, இருட்டுனப்புறம் டார்ச் இல்லாம கால் வெக்காதீங்க. செடியப் பார்க்க வரப்புல நின்னாலே போதும், உள்ள இறங்கணும்னு அவசியம் இல்ல. குருவி கத்துறத கவனிங்கன்னு நான் மேல சொன்னதும் இதுக்குத்தான்.

குழியானை

எல்லாரும் மேலயே பார்க்குறீங்க, கீழ குனிஞ்சு பாருங்கப்பா. சுவரோரமா மழை படாத இடத்துல பொடி மண்ணு இருக்கும்ல, அதுல கூம்பு கூம்பா சின்னக் குழி இருக்கும். சின்ன வயசுல எல்லாரும் நோண்டியிருப்பீங்க, பாதிப் பேருக்கு மறந்திருக்கும். அடியில குழியானைங்குற பூச்சியோட புழு இருக்கும். எறும்பு விளிம்புல கால் வெச்சதும் மண்ணு சரியும், எறும்பு மேல ஏறப் பார்க்கும், அப்ப அடியில இருந்து அது தலையால மண்ண அள்ளி எறும்பு மேல எத்தும், சரிவு இன்னும் சரிஞ்சு எறும்பு நேரா தாடையில வந்து விழும். சாறு உறிஞ்சுட்டு சக்கைய குழிக்கு வெளிய தூக்கிப் போட்டுரும், குழியச் சுத்தி பார்த்தீங்கன்னா காஞ்ச எறும்புத் தலை கிடக்கும். மெதுவா மண்ணோட அள்ளி உள்ளங்கையில வெச்சுப் பாருங்க, முன்னாடி போகவே போகாது, பின்னாடியேதான் நடக்கும். இதுல பெரிய கூத்து, புழுப் பருவம் முடியுற வரைக்கும் அது கழிவே வெளியேத்தாது, வயித்துல வழி அடைச்சிருக்கும், எல்லாத்தையும் சேர்த்து வெச்சு இறக்கை முளைச்சப்புறம்தான் இறக்கி வெக்கும். இறக்கை முளைச்சா தட்டான் மாதிரியே இருக்கும், ஆனா மீசை நல்லா தெரியும், நுனி தடிச்சு இருக்கும், தட்டானுக்கு மீசை இருக்குறதே தெரியாது. ராத்திரி லைட்டுக்கு வரும்போது பார்க்கலாம்.

லைட்டுன்னதும் ஞாபகம் வருது, மொட்டை மாடியில ஒரு வெள்ளைத் துணிய கொடியில போட்டு பின்னாடி ஒரு லைட்ட போட்டு வைங்க, நிலா இல்லாத ராத்திரி, காத்து இல்லாம புழுக்கமா இருந்தா இன்னும் நல்லது. வர்ற விட்டில் பூச்சிங்களோட டிசைன பார்த்தீங்கன்னா பகல் பட்டாம்பூச்சியெல்லாம் சாதா. பார்த்து முடிச்சதும் லைட்ட அணைச்சு துணிய மெதுவா உதறி செடிப்பக்கம் விட்டுருங்க. அப்படியே விட்டா விடியக்காலையில கரிச்சானும் மைனாவும் வந்து ஓசி விருந்து சாப்ட்டுட்டு போயிரும்.

வெட்டுக்காயப்பூண்டு

ஒரு விஷயம் யாரும் தொடல. காலி மனையில நீங்க பார்க்குற பாதிச் செடி அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. நான் பேரு வெச்சுக்கிட்டு இருக்குற வெட்டுக்காயப்பூண்டே அங்கேருந்து வந்ததுதான், தொட்டாச்சிணுங்கியும், உண்ணிச்செடியும், பார்த்தீனியமும், வாய்க்கால மூடுற ஆகாயத்தாமரையும் அங்கதான். அதுக்காக எல்லாத்தையும் ஒரே கண்ணால பார்க்க வேணாம். வெட்டுக்காயப்பூண்டு பூவுல குட்டி நீல பட்டாம்பூச்சிங்க நாள் பூரா தேன் குடிக்கும், புல்லோட புல்லா இருந்துட்டு போகுது. உண்ணிச்செடி காட்டுக்குள்ள புகுந்தா வேற எதையும் வளர விடாது, அது பெரிய தலைவலி, ஆனா வேலியோரம் இருக்குறத பாருங்க, ஒரே கொத்துல நடுவுல மஞ்சள், ஓரத்துல ரோஸ், புதுசா விரிஞ்சது மஞ்சள், பழசானது நிறம் மாறுனது, பட்டாம்பூச்சி பெரும்பாலும் மஞ்சளுக்குத்தான் போகும். பார்த்தீனியத்த மட்டும் வெறும் கையால பிடுங்காதீங்க, நிறைய பேருக்கு தோல்ல அரிப்பு வந்து படாத பாடு படுத்தும்.

பூனை வளர்க்குறவங்க இருந்தா குப்பைமேனி வேர புடுங்கிப் போட்டுப் பாருங்க. மேல சொல்ல மாட்டேன்.

சும்மாசுத்துறவன்

அடேங்கப்பா, நான் ரெண்டு பதில் வந்தா பெருசுன்னு நினைச்சேன். எல்லாருக்கும் நன்றி. நரம்ப கடிச்ச தழும்ப போய் பார்த்தேன், சொன்ன மாதிரியே வெள்ளையா காஞ்சு இருக்கு, அதுக்கப்புறம் தேடுனா அந்தச் செடியில அஞ்சாறு இலையில இருக்கு, இத்தன நாளா கண்ணுல படவே இல்ல. கருவண்டு காலுல மஞ்சளா தொங்குதான்னு பார்க்க முடியல, அது ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.

இப்ப ரெண்டு கேள்வி. புழுவ பாட்டில்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து வளர்க்கலாமா, என் பொண்ணு கேக்குறா. ரெண்டாவது, மழை விட்டதுலேருந்து மனைக்கு மேல தட்டான் கூட்டமா சுத்துது, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், நூறு இருக்கும் போல, உக்காரவே மாட்டேங்குது. போட்டோவும் எடுக்க முடியல. இது என்ன?

எருக்கம்பால்

வளர்க்கலாம், ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுங்க. மூடி போட்ட பாட்டில் வேணாம், அகலமான டப்பா, மேல வலைத்துணி கட்டுங்க. எருக்கு இலை தினமும் புதுசு வெக்கணும், எருக்கு குடும்பத்துல சேராத வேற இலைய வெச்சா தின்னாது, பட்டினி கிடந்து செத்துரும். புழுக்கையயும் தினமும் தட்டி விடணும் இல்லன்னா பூஞ்சை பிடிச்சிரும். கூட்டுப்புழு ஆகுறதுக்கு முன்னாடி திங்கறத நிறுத்திட்டு ஊர்ந்து ஊர்ந்து இடம் தேடும், அப்புறம் தலைகீழா தொங்கி இங்கிலீஷ் ஜே மாதிரி வளைஞ்சுக்கும், அந்த நேரத்துல பொண்ண டப்பா பக்கத்துலேருந்து நகர விடாதீங்க, தோல் உரிச்சு கூட்டுப்புழு ஆகுறது கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும். கூட்டுப்புழு பச்சையாவோ ரோஸாவோ இருக்கும், தங்கப் பொட்டு வெச்சிருக்கும். வெளிய வந்ததும் இறக்கை கசங்கிதான் இருக்கும், தொங்கி காயணும், கை வெக்கக் கூடாது.

இதையும் பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிருங்க, சில சமயம் பட்டாம்பூச்சிக்கு பதிலா ஈ வரும். ஒருவகை ஈ புழு மேல முட்டை வெச்சிருக்கும், அதோட குஞ்சு உள்ளயே தின்னு வளர்ந்து வெளிய வரும். அப்படி வந்துச்சுன்னா டப்பாவ தூக்கி எறியாம அதையும் போட்டோ எடுத்துப் போடுங்க, நாயுருவி சார் பேர் சொல்வாரு, எனக்கு ஈ குடும்பம் கை வராது.

தட்டான் கேள்விக்கு குழியானை வரட்டும்.

குழியானை

வந்துட்டேன். உக்காராம கூட்டமா சுத்துற மஞ்சள் பழுப்பு தட்டான்னா பெரும்பாலும் அது தேசாந்திரித் தட்டான்தான், பாண்டலா பிளேவசன்ஸ்னு அறிவியல் பேர். பின்னிறக்கை அடிப்பக்கம் நல்லா அகலமா இருக்கும், அதனால இறக்கைய அடிக்காமலே காத்துல மிதக்கும். ரொம்ப அபூர்வமா உக்காரும், அப்ப மத்த தட்டான் மாதிரி குச்சி மேல படுக்கையா உக்காராம செங்குத்தா தொங்கும், அதை வெச்சு உறுதி பண்ணிக்கலாம்.

இந்த ஆளோட கதைய கேட்டா புலி போட்ட ஃப்ரெண்டே உங்க மனைக்கு வந்து நிப்பாரு. மாலத்தீவுல சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு கடல் உயிரியலாளர் இருக்காரு, வருஷா வருஷம் அக்டோபர்ல இந்தத் தட்டான் கூட்டம் கூட்டமா அங்க வந்து இறங்குறத கவனிச்சுக்கிட்டே இருந்தாரு. அந்தத் தீவுல தட்டான் முட்டை வெக்குற அளவுக்கு மேல தேங்குற நல்ல தண்ணி கிடையாது, அப்ப எங்கேருந்து வருதுன்னு தேதிய எல்லாம் குறிச்சு வெச்சு 2009ல எழுதினாரு. இந்தியாவுலேருந்து பருவக்காத்த பிடிச்சு கடல் மேல பறந்து, மாலத்தீவு, செஷல்ஸ் வழியா கிழக்கு ஆப்பிரிக்கா போகுது, அங்க மழைத் தண்ணியில முட்டை வெச்சு, அதோட பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க தென்மேற்கு பருவக்காத்தோட திரும்பி வருதுங்குறது அவர் கணக்கு. போக வர 14,000லேருந்து 18,000 கிலோமீட்டர், நாலு தலைமுறை சேர்ந்து முடிக்கிற பயணம். 2012ல மாலத்தீவுல பிடிச்ச தட்டானோட இறக்கையில இருக்குற ஹைட்ரஜன் ஐசோடோப்ப (ஊருக்கு ஊர் தண்ணியில அளவு மாறுற ஹைட்ரஜன் வகை) சோதிச்சுப் பார்த்தாங்க, அது பிறந்த தண்ணி அந்தப் பக்கத்துது இல்ல, வட இந்தியாவுலயோ அதுக்கும் வடக்கேயோ இருக்குற தண்ணின்னு வந்துச்சு.

மழைக்குட்டையில முட்டை வெச்சா தண்ணி வத்துறதுக்குள்ள, சில வாரத்துலயே வளர்ந்து பறந்துரும். அதனால மனையில எங்கயாவது மழைத் தண்ணி தேங்கியிருந்தா அதோட ஓரத்துல நிக்கிற புல்லுத் தாள பாருங்க, உரிச்சுப் போட்ட தோல் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், முதுகுல ஒரு கீறல், அதுலேருந்து வெள்ளை நூல் மாதிரி தொங்கும். அது இருந்துச்சுன்னா உங்க தட்டான்ல கொஞ்சமாவது அங்கயே பிறந்ததுன்னு அர்த்தம், ஆனா எந்தத் தட்டானோடதுன்னு பேர் சொல்ல தோல க்ளோசப்ல எடுத்துப் போடணும், தாடைப் பக்கமும் தெரியுற மாதிரி.

சும்மாசுத்துறவன்

மனைக்கு நடுவுல ஒரு பள்ளத்துல தண்ணி நிக்குது. பொண்ணு ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்குறா, போட்டோ கிடைச்சா சாயங்காலம் போடுறேன்.

கேட்டவன்சொன்னேன்

அந்தத் தண்ணியில கொசுப்புழு இருக்கான்னும் பார்த்துட்டு வாங்க.

குழியானை

இருந்தா தட்டான் குஞ்சு அதைத்தான் தின்னும் சார். கவலைப்படாதீங்க.